இந்திராவின் 500 மீட்டர்

1981 நவம்பர் 27 அன்று பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சில வரிகள்தான். கடற்கரைகள் சீரழிவது கவலை தருகிறது, அலை அதிகபட்சமாக ஏறும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை எந்த வேலையும் நடக்கக் கூடாது, அரிப்பு இருக்கும் இடத்தில் பொருத்தமான மரம் செடிகளை வைக்க வேண்டும், ஆலைக் கழிவும் ஊர்க் கழிவும் கரைக்கு வரவே கூடாது. இவ்வளவுதான் சாரம்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ இன்று வீடு கட்டப் போகிறவருக்கு ‘சி.ஆர்.இசட்.’ (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) என்ற மூன்றெழுத்து நன்றாகவே தெரியும். அந்த மூன்றெழுத்தின் வேர் இந்தக் கடிதம். சட்டமாக மாறப் பத்து வருடம் ஆயிற்று. அதற்குள் எழுதியவர் இறந்துவிட்டார், எங்கள் பக்கத்துக் கரையும் வேறு மாதிரி ஆகிவிட்டது. இந்தியாவில் இயற்கைக்காக இந்திரா அளவுக்கு அதிகாரத்தைச் செலவிட்ட பிரதமர் வேறு யாரும் இல்லை என்பது என் கணிப்பு. அந்த அதிகாரம் எப்படி வேலை செய்தது, எங்கே நின்றுபோனது என்று பார்க்க டெல்லியைவிட நம் கரையே வசதியான இடம்.

அரசியலுக்கு முன்பே அவருக்குப் பறவை பார்க்கும் பழக்கம் இருந்தது. 1950களில் டெல்லியில் பறவை ஆர்வலர்கள் தொடங்கிய சங்கத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர். பறவையியலாளர் சாலிம் அலியின் கடிதம் வந்தால் அது கோப்பில் தூங்காது. 1966 ஜனவரியில் பிரதமர் ஆனார். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பொதுச்சபை 1969இல் டெல்லியில் கூடியதற்குப் பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. 1972இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு எடுத்த கணக்கில் நாட்டில் 1,827 புலிகள்தான் இருந்தன, அடுத்த ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கியது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். சுற்றுச்சூழலுக்கென்று தனித் துறையும் 1980இல்தான் வந்தது. இன்று பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுகிறவர் கையில் எடுக்கும் சட்டங்களில் பாதி அவர் காலத்தவை.

1972 ஜூன் 14 அன்று ஸ்டாக்ஹோம் ஐ.நா. மாநாட்டில் அவர் பேசிய பேச்சை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மாநாட்டை நடத்திய சுவீடன் பிரதமர் ஊலோஃப் பால்மேயைத் தவிர, அங்கே போன ஒரே அரசுத் தலைவர் இவர்தான். வறுமையும் தேவையும்தானே எல்லாவற்றையும்விடப் பெரிய மாசு என்று கேட்டார். அந்த ஒரு வரியைப் பிற்பாடு தொழிற்சாலைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பேச்சை முழுதாகப் படித்தால், பணக்கார நாடுகள் தாங்கள் தின்று தீர்த்துவிட்டு நமக்குப் பத்தியம் சொல்வதைப் பற்றிய கோபம்தான் அதில் அதிகம்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. காடு அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது, ஒரு மாநிலம் மரத்தை வெட்டினால் டெல்லி வருத்தம் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். இந்திரா கடிதம் எழுதினார். முதலமைச்சர்களுக்கு, ஆளுநர்களுக்கு, அமைச்சர்களுக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். சொந்தக் கட்சி முதலமைச்சர் என்றால் கடிதமே உத்தரவு. மற்றவர்களிடம் அது பலிக்கவில்லை. 1976இல் 42ஆவது திருத்தம் அந்தச் சிக்கலை ஒரே வெட்டில் தீர்த்தது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்கிற 48ஏ பிரிவும், அதைக் குடிமகனின் கடமை ஆக்கிய 51ஏ பிரிவும் அதில்தான் அரசியல் சட்டத்துக்குள் நுழைந்தன. காடும் வன உயிரும் பொதுப்பட்டியலுக்குப் போயின. கல்வியும் அதே திருத்தத்தில்தான் போனது. அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசுகிறோம், காடு போனதை யாரும் பேசுவதில்லை.

அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியை அந்த ஜனவரி 31 அன்றே கலைத்திருந்தார்கள். புதுச்சேரியிலும் 1974 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி. ஆக, காட்டின் மேல் மாநிலத்துக்கு இருந்த தனி உரிமை கைமாறியபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச இங்கே இரண்டு சட்டமன்றங்களும் இல்லை. பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்க்கட்சிக்காரர்களுக்குச் சிறை. நல்ல சட்டம், வந்த வழி அப்படி.

அவர் பசுமையை மட்டுமே பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குதிரேமுக் இரும்புச் சுரங்கம் அவர் ஆட்சியில்தான், ஈரானுக்குத் தாது அனுப்புவதற்காகத் தொடங்கியது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் இதற்கு நேர்மாறு. குந்திப்புழா மேல் அணை வேண்டும் என்று கேரளத்தில் எந்த ஆட்சி வந்தாலும் கேட்டது. சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் சுகதகுமாரி போன்ற கவிஞர்களும் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். 1980இல் ஆட்சிக்குத் திரும்பிய இந்திரா வேலையை நிறுத்தச் சொல்லி, எம்.ஜி.கே. மேனன் தலைமையில் குழு போட்டார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 அக்டோபர் 31 அன்று அவர் கொல்லப்பட்டார், இரண்டு வாரம் கழித்து நவம்பர் 15 அன்று பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. அங்கே பிரதமரின் விருப்பமும் ஊர்க்காரர்களின் குரலும் ஒரே பக்கம் நின்றன. அதனால் அந்த முடிவு அவருக்குப் பிறகும் நிலைத்தது.

ராஜஸ்தானின் பரத்பூரில் அப்படி நடக்கவில்லை. சாலிம் அலிக்கும் இந்திராவுக்கும் பிடித்தமான அந்தப் பறவைச் சரணாலயத்தை 1982இல் தேசியப் பூங்கா ஆக்கி, எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்புறம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வருடக்கணக்கில் ஆராய்ந்து சொன்னது என்ன தெரியுமா? மேய்ச்சல் நின்றதால் நீரில் புல் மண்டி, பறவைகளுக்கே அது கெடுதலாகிவிட்டது. எருமை அங்கே தொந்தரவு இல்லை, வேலைக்காரன். அதைச் சொல்லியிருக்கக் கூடியவர்கள் எருமை மேய்த்தவர்கள்தான், அவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, நம் கரைக்கு வருவோம். கடிதம் வந்த காலத்தில் கடலூரில் என்ன நடந்துகொண்டிருந்தது? உப்பனாற்றின் மேற்குக் கரையில், சிதம்பரம் சாலையை ஒட்டி, சிப்காட் வளாகம் உருவாகிக்கொண்டிருந்தது. சாயம், மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி என்று ரசாயன ஆலைகள். உப்பனாறு சாதாரண வாய்க்கால் இல்லை, கடலோடு ஏறி இறங்கும் கழி. குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் அதில் நண்டும் இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆலைக் கழிவு கரைக்கு வரவே கூடாது என்று பிரதமர் எழுதுகிறார், கரைக்குப் பின்னாலேயே ரசாயனப் பேட்டை எழுகிறது. கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 1982 பிப்ரவரியில்தான் பிறந்தது. பேட்டையும் வாரியமும் கிட்டத்தட்ட ஒரே வயது. பின்னாளில் ஆலைகளின் சுத்திகரித்த கழிவுநீரைப் பொதுக் குழாயில் சேர்த்து, இராசாப்பேட்டைப் பக்கம் கடலுக்குள் கொண்டுபோய் விடும் ஏற்பாடு வந்தது. 500 மீட்டரைத் தரையில்தானே அளந்தார்கள், கடலுக்குள் அளக்கவில்லை.

2009 இறுதியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’. நாடு முழுக்க 43 இடங்கள் அதில் வந்தன. கடலூருக்கு 77.45, மணலியைவிடக் கொஞ்சம் அதிகம். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரியில் அந்த இடங்களில் புதுத் திட்டங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்தார். பிறகு பல இடங்களில் படிப்படியாகத் தடை தளர்ந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அக்கறை இருக்கும் வரை கோப்பு நகரும், அவர் துறை மாறினால் நின்றுவிடும். இந்திரா காலத்துப் பாணி முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருந்தது.

புதுச்சேரியின் கதை வேறு விதம். கடிதம் வந்து சில வருடங்களில், 1986க்கும் 1989க்கும் இடையில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திரும்பும். கரை நிலையாக இருப்பது போலத் தெரிந்தாலும் அதன் மணல் ஒரு இடத்தில் இருப்பதில்லை. சுவர் வந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, ஆனால் அங்கிருந்த மணலைக் கடல் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போனது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவதற்கு ஒரு ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வரிசையாகக் கரை போயிற்று. காந்தி சிலைக்கு எதிரே உட்கார மணல் இல்லாமல் கருங்கல் மட்டும் மிஞ்சியது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கும், அடுத்த குப்பத்தில் ஆரம்பிக்கும். அங்கேயும் கல் கேட்பார்கள். இப்படியே எல்லையைத் தாண்டி தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. துறைமுகம் ஒரு அரசுடையது, வீடு இழந்தவர் இன்னொரு மாநிலத்தார், மனு எங்கே கொடுப்பது என்பதே பெரிய கேள்வி. 2018இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டு வைத்தது. அதன் பிறகு சில காலத்தில் அந்த இடத்தில் மணல் திரும்பி வந்தது, ஜனங்கள் மறுபடி காலை நனைக்கிறார்கள்.

இந்திராவின் கடிதம் அரிப்புக்குச் சொன்ன மருந்து மரம் நடுவது. கரையைத் தரையின் ஓரமாகப் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். மணல் கடலோடு நடப்பது என்பதை மனதில் வைத்திருந்தால், கட்டிடத்தைவிட முதலில் அலைத்தடுப்புச் சுவரையும், தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவரையும் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பார். 1981இல் நம் அதிகாரிகளில் எத்தனை பேர் அதை யோசித்தார்கள் என்று கேட்டால் அவரை ரொம்பக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கட்டுமரம் ஓட்டிய எந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தாலும், எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம், எந்தப் பக்கம் மணல் ஏறும் என்று சொல்லியிருப்பார்.

கடிதத்துக்குச் சட்ட உருவம் 1991 பிப்ரவரி 19 அன்று கிடைத்தது. சந்திரசேகர் பிரதமர். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கை அது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி, ஊரகக் கரையில் அதற்குள் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டிடமே கூடாது, அலையாத்திக் காடு இருந்தால் உச்சப் பாதுகாப்பு. இதனால் நமக்கு வந்த பலன் சின்னது இல்லை. பிச்சாவரம் சுரபுன்னைக் காடு அந்த உச்சப் பாதுகாப்பு வகைக்குள் வந்தது. 2022இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இறால் பண்ணை வழக்கில் இந்தக் கடிதம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 1990களில் நம் கடலோர மாவட்டங்களில் நஞ்சையை வெட்டி உப்புநீர் நிரப்பி இறால் வளர்க்கும் மோகம் தலைவிரித்தது. கிணறு உப்பாகிறது, வாய்க்காலில் கழிவு விடுகிறார்கள், மீனவர் கடலுக்குப் போகும் வழியை அடைக்கிறார்கள் என்று புகார். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர வேறு இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. இந்திராவின் 1981 கடிதம் அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. பதினைந்து வருடம் முன்பு முதலமைச்சர்கள் கண்டுகொள்ளாத காகிதத்துக்கு ஒரு ஏழைகளின் வழக்கு உயிர் கொடுத்தது. அப்புறம் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனி ஆணையச் சட்டம் கொண்டுவந்து, அந்தத் தடையிலிருந்து பண்ணைகளுக்கு வழிவிட்டது. வெள்ளாற்றுக் கழிமுகம் பக்கம் போனால் பண்ணைகளைப் பார்க்கலாம்.

இனி குப்பத்தின் கணக்கு. கடலூர் முதல் கிள்ளை வரை எந்த மீனவ ஊரிலும் அலை ஏறும் இடத்திலிருந்து 500 மீட்டர் அளந்து பாருங்கள். ஃபைபர் போட் ஏற்றி வைக்கும் மணல், வலை உலர்த்தும் இடம், மதிய வெயிலில் வலை பின்னுகிற கொட்டகை, பெண்கள் கூடையோடு நிற்கும் ஏலம், கருவாடு காயும் தரை, அம்மன் கோயில், வீடுகள் எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். மோட்டாரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்குப் போகிறவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி எப்படிக் குடியிருப்பார்? ‘எல்லா வேலையும் விலக்கப்பட்ட’ கரை என்று 1981இல் டெல்லியில் நினைத்தது, இங்கே பல தலைமுறையாக வேலை நடக்கிற கரை. கடிதத்தின் அந்த வரிகளில் மீனவர் இல்லை. பரத்பூரில் எருமைக்காரருக்கு நடந்ததன் கடலோர வடிவம் இது என்றே சொல்வேன்.

1991 அறிவிக்கை இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம் என்றது, 200 முதல் 500 மீட்டருக்குள் பாரம்பரியக் குடியிருப்புக்கு இடம் கொடுத்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் எங்கே கட்டுவான் என்பதற்கு முதல் 200 மீட்டரில் பதில் இல்லை. நிலம் பெரும்பாலும் புறம்போக்கு, பட்டாவும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600 பேர் அளவில் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. 200 மீட்டருக்குள் இருப்பவர் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, பழைய மனை அரசுக்கு. போக மாட்டேன் என்றால் உன் செலவில் பழுது பார்த்துக்கொள், அரசு உதவி கிடையாது. பயத்தில் பலர் போனார்கள். கடலைப் பார்க்காமல் இருக்க முடியாமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு விதி இப்படி ஏழையைக் கரையிலிருந்து நகர்த்தும் கருவியாகவும் ஆனது. அதே காலத்தில் அலைக்கு அரண் என்று மணல்மேடுகளின் மேல் சவுக்கு நட்டார்கள். மேடுதான் அரண் என்பதும், ஆமை முட்டையிடும் மணல் அது என்பதும் பிறகுதான் பேச்சுக்கு வந்தது.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. 2008இல் இந்த அறிவிக்கைக்குப் பதிலாக ‘கடலோர மேலாண்மை மண்டலம்’ என்ற வரைவு வந்தபோது, கட்டுப்பாடு போய் ரிசார்ட்டுக்கும் துறைமுகத்துக்கும் கதவு திறக்கிறது என்று நாடு முழுக்கச் சங்கங்கள் எதிர்த்தன. 500 மீட்டர் விதியை எந்தச் சமூகம் சுமையாகச் சுமந்ததோ, அதே சமூகம்தான் அதைக் காப்பாற்றவும் நின்றது. எம்.எஸ். சுவாமிநாதன் குழு அறிக்கைக்குப் பின் 2009இல் அந்த வரைவு கைவிடப்பட்டது. ஜெய்ராம் ரமேஷ் பல ஊர்களில் கூட்டம் போட்டுக் கேட்டார். 2011 ஜனவரி அறிவிக்கையில் 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் வீடு கட்டலாம் என்று வந்தது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கடலோர மேலாண்மைத் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்றும் வந்தது.

2019 ஜனவரி 18 அறிவிக்கை இன்னும் தளர்த்தியது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161ஐத் தாண்டிய ஊரகக் கரையில் தடைப்பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. இது குப்பத்துக்கு நல்லது போலத் தெரியும். 51ஆவது மீட்டரில் மீனவரும் கட்டலாம், விடுதிக்காரரும் கட்டலாம். இருவரில் யாரிடம் பணம் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம். உப்பனாறு போன்ற அலை ஏறும் கழிகளின் ஓரத்தில் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்று இருந்த பகுதியும், 50 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்று ஆகிவிட்டது.

ஆகவே இப்போது எல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. 2019 அறிவிக்கைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கடலோர மேலாண்மை வரைபடம் போட வேண்டும், அதன் மேல் மக்கள் கருத்தும் கேட்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் உங்கள் பக்கம் நடந்தால் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு போய் தாளை விரித்துப் பாருங்கள். உயர் அலைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். போட் ஏற்றும் இடம், வலைக் கொட்டகை, கருவாட்டுத் தரை, கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இவை ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டிருக்கிறதா, குப்பத்தின் எல்லை சர்வே எண்ணோடு இருக்கிறதா, பிள்ளைகளுக்கான வீட்டு இடம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத இடம் நாளைக்கு வெறும் புறம்போக்கு மணல் என்றுதான் கணக்கில் வரும்.